எங்கெல்லாம் நோட்டு இருக்கிறதோ

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நாள் குறித்ததும் எழுது. மனகோலம், சீப்புச்சீடை என்று செட்டிநாட்டுப் பலகாரமெல்லாம் எங்கள் பலகாரக் கம்பெனிப் பொறுப்பு.

எங்கள் கம்பெனியில் புதிதாகப் போட்ட கணக்கு மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஓடுகிறது. போட்டுக் கொடுத்தவர்கள் பயிற்சி நடத்திவிட்டுக் கிளம்பிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கியது. என்னென்ன மாற்ற வேண்டும் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கச் சொன்னார் முதலாளி. வந்ததெல்லாம் எழுத்து பெரிதாக வேண்டும், நிறம் பிடிக்கவில்லை என்ற ரகம். அவற்றை ஓரம்கட்டிவிட்டு, இன்னும் யார் யார் கையால் கணக்கு எழுதத் தனி நோட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மென்பொருள் கைவிட்ட இடத்தில்தானே நோட்டு முளைக்கும்?

சரக்கறை நோட்டில் தேன்குழல் டின் கணக்கில் இருந்தது. கணினியிலோ கிலோ மட்டும். தேன்குழலும் அதிரசமும் ஒரே டின்னில் ஒரே எடை நிற்குமா? ஒவ்வொரு பலகாரத்தையும் டின்னோடு நிறுத்துப் பதிந்தோம். அந்த நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதுகிறார்கள்.

விற்பனைப் பிரிவில் கதை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் முறுக்கு, மிக்சர் வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதல்லவா? யாரோ பழைய விகிதத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் 5 என்று பதிந்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன் விற்ற சரக்கு திரும்பி வந்தால் அதற்கான தொகையை வரியோடு கழித்துக் கொடுக்கும் கிரெடிட் நோட்டு என்ற சீட்டும் 12 சதவீதத்தில்தான் போக வேண்டும். மென்பொருள் 5 போட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒவ்வொன்றையும் நோட்டில் கணக்கிட்டுக் கையால் திருத்திக்கொண்டிருந்தாள். விகிதத்தோடு அமலாகும் தேதியையும் பதியும் வசதி முதலிலிருந்தே இருக்கிறது. ஒருவரும் அவளுக்குக் காட்டவில்லை!

ஒரு நோட்டை மட்டும் தொடவில்லை. மலாயாவில் கடை வைத்திருந்த தகப்பனாரிடம் பற்று வரவு கற்றவர் எங்கள் பெரிய முதலாளி. இன்றைக்கும் கையால் பேரேடு எழுதி, மாதக் கடைசியில் ஐந்தொகை போட்டு, கணக்கு நேராகிறதா என்று பார்க்கிறார். கணினியிலுள்ள நிலுவை அதோடு இடிக்கிறது என்று அவர்தான் என்னைக் கூப்பிட்டார். பார்த்தால், தேவகோட்டைக் கடை ஒன்று மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று வாடிக்கையாளராகப் பதிவாகி, பாக்கியும் மூன்றாகப் பிரிந்து கிடந்தது.

உங்கள் ஆலையிலும் ஏப்ரலில் மென்பொருளுக்கு மாறப்போவதாக எழுதியிருந்தாய். பழைய நிலுவைகளை ஏற்றும் முன்பே பெயர்ப்பட்டியலைச் சுத்தம் செய்துவிடு. பிறகு பெயர்களை இணைப்பது பெரும்பாடு. இங்கே இன்னும் முடிந்தபாடில்லை.

அன்புடன்,
உன் நண்பன்