தோற்ற களத்தின் பெயர்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அன்று அவ்வளவு தெளிவாக அற்புதம் செய்தவர் இன்று ஏன் மௌனமாயிருக்கிறார், பழைய சாட்சியை நினைத்தால் தைரியத்துக்குப் பதில் வலிதான் வருகிறது என்று எழுதியிருந்தாய். மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன். இதற்கு மட்டும் இப்போது.

1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தையும் 7ஆம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் படித்துப் பார். பெலிஸ்தரிடம் முதல் யுத்தத்தில் இஸ்ரவேலர் ஏறக்குறைய 4,000 பேர் விழுந்ததும், கர்த்தருடைய பிரசன்னத்துக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைச் சீலோவிலிருந்து கொண்டுவரலாம் என்கிறார்கள் மூப்பர்கள். யோர்தான் பிரிந்தபோது முன்னே போனது அந்தப் பெட்டி. எரிகோவைச் சுற்றி வந்ததும் அதே பெட்டி. பழைய அற்புதம் அவர்களுக்கு மறந்துபோகவில்லை, பார்த்தாயா? ஆனால் அந்த அதிகாரத்தில் யாராவது ஜெபித்ததாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த யுத்தத்தில் 30,000 காலாட்கள் மடிந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது.

நாமும் இதைத்தான் செய்கிறோம். போன தடவை மூன்று நாள் உபவாசத்தில் வழி திறந்தது என்றால், இந்தத் தடவையும் அதே மூன்று நாள், அதே வாக்குத்தத்த வசனம், ஜெபிக்க அதே ஊழியர். வழி திறக்காதபோது விசுவாசமே ஆட்டம் காண்கிறது. மோசே செய்த வெண்கலச் சர்ப்பம், பாம்பு கடித்த ஜனங்களை உண்மையாகவே பிழைக்க வைத்தது. பல நூற்றாண்டு கழித்து அதற்கே தூபங்காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று. அற்புதம் பொய்யல்ல. செய்தவரை விட்டுவிட்டு, செய்த விதத்தைப் பிடித்துக்கொண்டதுதான் பிசகு.

இனி 7ஆம் அதிகாரம். பெலிஸ்தரிடமிருந்து திரும்பி வந்த பெட்டி கீரியாத்யாரீம் என்ற ஊரில் தங்கி 20 வருஷம் ஆகிவிட்டது. ஜனங்கள் அந்நிய தெய்வங்களான பாகால்களையும் அஸ்தரோத்தையும் விலக்கி, மிஸ்பாவில் கூடி, உபவாசித்து, பாவத்தை அறிக்கையிடுகிறார்கள். பெலிஸ்தர் முறிந்தோடிய பிறகு சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சொல்லி அதற்கு எபெனேசர் என்று பேரிடுகிறான். 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கித் தோற்றுப்போன இடத்தின் பெயரும் எபெனேசர்தான். வீட்டு வாசல்களிலும் சபைப் பலகைகளிலும் நாம் எழுதும் அந்தப் பெயரில் தோல்வியும் இருக்கிறது. உன் நினைவில் ஜெயம் மட்டும் தங்கி, அதற்கு முந்திய 20 வருஷம் உதிர்ந்துபோயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய மௌனம் புதிதாகத் தெரிவது அதனால்தான்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் எடு. ஓர் அற்புதத்துக்கு ஒரு பக்கம். மேலே தேதி. அதற்குக் கீழே, எதற்காக ஜெபித்தாய், எத்தனை நாள் அல்லது எத்தனை மாதம் பதில் வரவில்லை, அந்த நாட்களில் என்னவெல்லாம் பயந்தாய் என்று எழுது. பாதிப் பக்கம் இதற்கே போகட்டும். பிறகு என்ன நடந்தது, யார் கண்டார்கள், எந்த வழியாக வந்தது என்று எழுது. டாக்டர், மருந்து, கடன் கொடுத்த உறவினர், எதையும் மறைக்காதே. செங்கடலைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 14:21, இரா முழுவதும் அடித்த பலத்த கீழ்காற்றையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் தேவனுடைய மகிமை குறைந்துவிடவில்லை. காற்றை நீக்கிவிட்டுச் சாட்சி சொல்கிறவன், அடுத்த முறை காற்று வரும்போது அதை அடையாளம் காணமாட்டான். மருந்தை நிறுத்துவதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்வதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக ஏதாவது நடந்தால் அந்த வாரத்துக்குள் எழுதிவிடு. தள்ளிப்போட்டால் சாட்சி தானாகவே வளரும். மேடையில் சொல்லச் சொல்ல இன்னும் வளரும். கடைசியில் சொல்கிறவனுக்கே அதன்மேல் நம்பிக்கை போய்விடும். பதில் வராத ஜெபங்களுக்கும் பக்கம் ஒதுக்கு. தேதி போட்டு, கீழே வெறுமையாக விட்டுவை.

எண்ணிக்கை நினைவிருந்தால் மட்டும் போதாது. மாற்கு 8இல் படவில் ஒரே ஒரு அப்பத்தை வைத்துக்கொண்டு சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். முன்பு இரண்டு முறை கொஞ்ச அப்பத்தால் பெருங்கூட்டத்தைப் போஷித்தபோது எத்தனை கூடை மீந்தது என்று இயேசு கேட்கிறார். பன்னிரண்டு என்கிறார்கள், ஏழு என்கிறார்கள். இரண்டும் சரியான பதில். ஆனாலும் 'நீங்கள் உணராதிருக்கிறது எப்படி' என்றார். அன்றைய கூடைக்கும் இன்றைய படவுக்கும் நடுவே அவர்கள் கோடு இழுக்கவில்லை. பக்கத்தின் அடியில் அந்தக் கோட்டை நீ இழு: இதனால் தேவனைப் பற்றி நான் அறிந்தது என்ன? ஒரே ஒரு வரி.

படிப்பதற்கு வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள், நெருக்கம் இல்லாத வாரத்திலும். கூடவே சங்கீதம் 77ஐ வாய்விட்டு வாசி. 7 முதல் 9 வரையுள்ள வசனங்களில் சங்கீதக்காரன் ஆசாப் ஆறு கேள்வி கேட்கிறான். 'தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ' என்றுகூடக் கேட்கிறான். அவற்றை அவசரமாகத் தாண்டாதே. அதற்குப் பிறகுதான் 11ஆம் வசனத்தில் பூர்வகாலத்து அதிசயங்களை நினைவுகூருகிறான். அவனுடைய பிரச்சினை தீர்ந்ததா என்று 20ஆம் வசனம் வரைக்கும் சொல்லப்படவே இல்லை. 'உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று' என்று, கடல் பிளந்த அந்த நாளைப் பற்றியே சொல்கிறான்.

இன்னொன்று. துக்கத்தில் இருப்பவரிடம் உன் அற்புதத்தை எடுத்துக்கொண்டு போகாதே. அப்போஸ்தலர் 12இல் இயேசுவின் சீஷன் யாக்கோபு பட்டயத்துக்கு இரையானான். அதே அதிகாரத்தில் சிறையிலிருந்த பேதுருவின் சங்கிலிகள் கழன்று விழுந்தன. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்று, அந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா சொல்லவில்லை. யாக்கோபை இழந்த அந்தச் சபையே பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்தது. பேதுரு வந்து கதவைத் தட்டினான் என்று ரோதை என்னும் பெண் சொன்னபோது, நீ பிதற்றுகிறாய் என்றார்கள். நம்ப முடியாத நிலையிலும் கூடி ஜெபித்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரியாகத் தூங்குவதில்லை என்று எழுதியிருந்தாயே. கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டான். தூதன் அவனுக்குக் கர்மேலை நினைவுபடுத்தவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். அதனால் நோட்டை இன்று இரவே திறக்காதே. சாப்பிட்டுப் படு. தூக்கமின்மை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார், போதகரிடமும் சொல்.

முதல் பக்கத்தை எழுதியதும் அதன் தேதியையும் அடியில் எழுதிய அந்த ஒரு வரியையும் எனக்கு அனுப்பு. வெறுமையாக விட்ட பக்கங்களின் தலைப்பையும் எழுது. அவற்றுக்காக நானும் ஜெபிக்கிறேன்.

கர்த்தருக்குள்,
உன் நண்பன்