24 மணி நேரக் கடமை: சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகளின் சுகாதார அமைச்சர்களுக்கு,

வணக்கம். நோய்கள் எல்லை தாண்டிப் பரவுவதைத் தடுக்க 2005-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள் 2007 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ளன. இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. இவை வெறும் அறிவுரைகள் அல்ல, சட்டம்.

நோய்ப் பரவல் போன்ற அவசர நிகழ்வு பற்றிய தகவல் தேசிய அளவுக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். பாதிப்பு கடுமையானதா? வழக்கத்துக்கு மாறானதா? எல்லை தாண்டிப் பரவுமா? பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வருமா? இவற்றில் குறைந்தது இரண்டுக்கு 'ஆம்' என்றால், மதிப்பீடு முடிந்த 24 மணி நேரத்துக்குள் தேசியத் தொடர்பு மையம் (அமைப்புடன் தொடர்புகொள்ள ஒவ்வொரு நாடும் நியமிக்கும் அலுவலகம்) உலக சுகாதார அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். சார்ஸ் என்னும் கடும் சுவாச நோய், பெரியம்மை போன்றவற்றுக்கு இந்தக் கேள்விகளே தேவையில்லை. ஒரு நோயாளி போதும்.

கோளாறு நேர்வது 'மதிப்பீடு முடிந்த' என்ற சொற்களில்தான். 'இன்னொரு பரிசோதனை முடிவும் வரட்டும்' என்று மதிப்பீட்டை முடிக்காமல் வைத்திருந்தால் கடிகாரம் ஓடவே தொடங்காது. ஆனால் அந்த நான்கு கேள்விகளில் எதுவும் ஆய்வக உறுதிப்பாட்டைக் கேட்கவில்லை. காரணம் தெரியாத நோயும் அறிவிக்கத்தக்கதே. ஆகவே தொடர்பு மைய அலுவலர் தம் கையொப்பத்திலேயே அறிவிக்க உள்நாட்டுச் சட்டம் இடம் தரட்டும். அமைச்சருக்கு நகல் போகட்டும், அனுமதிக்காகக் கோப்பு போக வேண்டாம். விடுமுறை நாளின் இரவில் ஒரு கற்பனைத் தகவலை மாவட்ட ஆய்வகத்திலிருந்து அனுப்பிப் பாருங்கள். எந்த மேசையில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்று குறியுங்கள். சட்டத்தை எங்கே திருத்த வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

'மாநில அரசு எங்களுக்குச் சொல்லவில்லை' என்பது பன்னாட்டுச் சட்டத்தில் சாக்கு ஆகாது. ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் 2001-இல் வகுத்த அரசுப் பொறுப்பு விதிகளின்படி, மாநில அரசின் செயலும் நாட்டின் செயலே. நெருக்கடி நிலைக்குத் தானே வழிவகுத்த அரசு, 'வேறு வழியில்லை' என்ற வாதத்தையும் முன்வைக்க முடியாது.

அறிவித்த நாட்டைத் தண்டிப்பது இதைவிடக் கேடு. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா, பின்னர் ஒமிக்ரான் எனப் பெயர் பெற்ற கொரோனா திரிபை அறிவித்தது. சில நாட்களிலேயே பல நாடுகள் அந்தப் பகுதி விமானங்களுக்குக் கதவடைத்தன. அமைப்பின் பரிந்துரைக்கு மேற்பட்ட கட்டுப்பாட்டால் பயணிகளைத் தடுத்தாலோ 24 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினாலோ, 48 மணி நேரத்துக்குள் அறிவியல் காரணத்தை அமைப்புக்குத் தர வேண்டும் என்கிறது சுகாதார ஒழுங்குவிதிகளின் 43-ஆம் பிரிவு. உண்மையைச் சொன்னதற்கு இழப்பே கூலி என்று கண்ட நாடு அடுத்த முறை தயங்கும். அந்தத் தயக்கத்தின் விலையை எல்லா நாட்டு மக்களும் உயிரால் கொடுப்பார்கள்.

கடமை தவறினால் கேட்பது யார்? அதே ஒழுங்குவிதிகளின் 56-ஆம் பிரிவு கூறும் நடுவர் தீர்ப்பு, பிணக்கிலுள்ள நாடுகள் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். அதனால்தான் மீறல்கள் தீர்ப்பு வரை போவதில்லை. ஆனால் அதே பிரிவு, நடுவர் தீர்ப்பைக் கட்டாயமாக ஏற்பதாக எந்த நாடும் முன்கூட்டியே எழுதித் தரவும் இடம் தருகிறது. அமைப்பின் தலைமை இயக்குநருக்கு ஒரு கடிதம் போதும். அதை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். உங்கள் நாட்டின் கடிதத்தை இந்த ஆண்டே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரத்திலும் பன்னாட்டுச் சட்டத்திலும் பணிபுரிவோர்