என் பிள்ளைகளைச் சேர்ந்து வளர்த்தவர்களுக்கு நன்றி

பாலக்கோடு பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு வணக்கம். என் பிள்ளைகள் இரண்டு பேருக்குமே ஆட்டிசம். பெரியவன் இந்த வருடம் ஆறாம் வகுப்பு போகிறான். அவன் இதுவரை வந்ததில் பங்குள்ளவர்களிடம் நேரில் நன்றி சொல்லப் போனால், "இதுக்கெல்லாமாம்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அங்கன்வாடி டீச்சர். ஆட்டிசம் ரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை, ஸ்கேனிலும் தெரிவதில்லை. கூடவே இருந்து கவனிப்பவர் கண்ணுக்குத்தான் படும். கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவதில்லை, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான் என்று கவனித்தவர் அவர். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கன்வாடிக்கு வரும் அரசு டாக்டரிடம் காட்டி, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்களை அனுப்பிவைத்தார். அவரிடம் கற்றுக்கொண்டதால்தான் சின்னவளுக்கு இன்னும் சீக்கிரமே பயிற்சி தொடங்க முடிந்தது.

தெரபிக்குப் போகும் பஸ்ஸில் பெரியவனுக்கு டிரைவருக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்தான் வேண்டும். இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். கண்டக்டர் அண்ணன் அந்த சீட்டில் டிக்கெட் பையைப் போட்டு வைத்திருப்பார். ஒருநாள் அவன் டி.வி. விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வர, ஒரு பெரியவர் "மந்திரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அண்ணன்தான் பதில் சொன்னார்: "அவன் நம்ம ரெகுலர் பேசஞ்சருங்க. அப்படித்தான் பேசுவான்." அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியாது.

முடிவெட்டும் அண்ணனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மெஷின் சத்தம் கேட்டாலே பெரியவன் ஓடிவிடுவான். கழுத்தில் முடித் துகள் பட்டால் நெருப்புப் பட்டதுபோல் துடிப்பான். அண்ணன் கடையை அடைத்த பிறகு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். தண்ணீர் அடிக்கும் பாட்டிலை முதலில் அவன் கையில் கொடுத்து, தன் கையிலேயே அடிக்கச் சொல்வார். அப்புறம் கத்தரிக்கோலைக் காட்டி, "இப்ப வலது காதுப் பக்கம், மூணு வெட்டு" என்பார். சொன்னபடி மூன்றே வெட்டு, நிறுத்திவிடுவார். அவன் சரி என்றால் மறுபடி மூன்று. வேண்டாம் என்று எழுந்துவிட்டால் இழுத்துப் பிடித்து உட்காரவைக்க மாட்டார். "மீதி நாளைக்கு" என்று பெட்டியை மூடிவிடுவார். மறுநாள் வருவதற்குத் தனியாகக் காசு வாங்கியதே இல்லை. பயமில்லாமல் தலையைக் கொடுக்கலாம் என்று என் மகனுக்கு நம்பிக்கை வந்தது அவரிடம்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் "மத்த பிள்ளைங்க கெட்டுப்போயிடுவாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியை பல் துலக்குவது, குளிப்பது, யூனிஃபார்ம், பள்ளிக்கூடம் என்று படஅட்டை செய்து சுவரில் ஒட்டிக் கொடுத்தார். அடுத்து என்ன என்று தெரிந்த பிறகு காலைநேர அழுகை பாதியாகக் குறைந்தது.

மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் வீட்டைப் பார்த்திருந்த குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிய தம்பிகளே, வேட்டு போடும் நேரத்தை முன்கூட்டியே வந்து சொன்னீர்களே, நன்றிப்பா. அன்னதானத்தில் சாம்பார் படாத வெறும் சோறும் தயிரும் சின்னவளுக்கென்று எடுத்துவைக்கும் பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் நன்றி.

அப்புறம், ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான காரிமங்கலம் அக்கா. அவர் மகனுக்கும் ஆட்டிசம், இப்போது வளர்ந்த பையன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று, அதற்குச் சான்றும் அடையாள அட்டையும் வாங்கலாம், நிராமயா என்ற மத்திய அரசு மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி, தன் ஃபைலையே மாதிரிக்குக் கொடுத்தவர் அவர்.

அதேபோல ஒரு ஃபைல் இப்போது என்னிடமும் இருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் இருப்பவர்கள் தயங்காமல் வீட்டுக்கு வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்பலாம்.