கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியணும்

ராச்செஸ்டர், மினசோட்டா
ஜூன் 14

அன்புள்ள செல்வராசு,

எட்டு மாதம் ஆகிவிட்டது. உன் தீபாவளிக் கடிதம் இன்னும் கராஜ் மேசையில்தான் கிடக்கிறது. அதன்மேல் தின்னர் கொட்டி, குண்டன் கணேசனை நீ திட்டி எழுதியிருந்த பாரா மட்டும் அழிந்துபோனது. அவனுக்கு எப்போதுமே அதிர்ஷ்டம். பாப்பா கல்யாணத்துக்கு வராததற்கு நீ வையப்போகிறாய் என்று தெரியும், வைது தீர்த்துக்கொள். போட்டோ எல்லாம் பார்த்தோம். முதல் பந்தியிலும் குண்டன், மூன்றாம் பந்தியிலும் குண்டன், நடுவில் சட்டையை மட்டும் மாற்றியிருக்கிறான். இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சி சொல்கிற எண்ணெயைப் போடு, வீம்பு பண்ணாதே.

இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, கராஜில் நான் கட்டுகிற விமானம், உன் பாஷையில் சொன்னால் காத்தாடி. இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன். தாவிப் போய் அதை முதலில் படிக்காதே.

காத்தாடிக்குத் துணி போட்டாயிற்று. போன தடவை "ஏரோப்ளேனுக்குத் துணியா?" என்று சிரித்தாயே, சிரி. இது இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் செர்ரி குரோவ் என்ற குக்கிராமத்தில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் வரைந்த விமானம். 1929ல் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினையே கழற்றிப் பூட்டிப் பறக்கவிட்டார் மனுஷன். 40 குதிரைத்திறன்தான். உடம்பெல்லாம் மரம், மேலே துணி. நம் பாலிடெக்னிக் ஒர்க்ஷாப்பில் அந்த வாத்தி இருந்திருந்தால் நமக்கெல்லாம் அரியர்ஸே விழுந்திருக்காது.

இப்போது பருத்தித் துணி கிடையாது, பாலியஸ்டர். பசை போட்டு ஒட்டும்போது தொளதொளவென்று, குண்டனின் பள்ளிக்கூட டவுசர் மாதிரி நிற்கும். அப்புறம் இஸ்திரிப் பெட்டி. முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசியில் 350. பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டியை ஓட்ட ஓட்டத் துணி சுருங்கி இறுகும். திருவிழாவில் பறையைத் தீயில் காட்டி இறுக்குவார்களே, அதே கதைதான். முடிந்ததும் விரலால் தட்டினால் 'டம்' என்கிறது. அன்றைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு உன் தங்கச்சியை எழுப்பித் தட்டிக் காட்டினேன். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத முடியாது.

துணிமேல் முதலில் பாலி பிரஷ் என்ற பூச்சு. ரோஸ் கலரில் இருக்கும், முதல் கோட்டைப் பிரஷ்ஷால், மீதியை ஸ்ப்ரே கன்னால். அதன்மேல் பாலி ஸ்ப்ரே, அலுமினியப் பொடி கலந்த வெள்ளி. இது அழகுக்கு இல்லை. பாலியஸ்டருக்கு வெயில்தான் எமன், புற ஊதா பட்டால் இற்றுப்போகும். வெள்ளிதான் குடை. போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இறக்கைக்குள்ளே ஒரு பல்பை விட்டு, வெளியே நின்று வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் கோட்டுக்கு அப்புறம் பார்த்தேன். அமாவாசைக்கு நம்ம ஏரிக்கரையில் படுத்துக்கிடந்த மாதிரி இருந்தது, அத்தனை நட்சத்திரம். மூன்றாவது கோட்டில் எல்லாம் அணைந்தது. எனக்கென்னவோ கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

இதுவரை எல்லாம் சரி. அடுத்தது கலர். இங்கேதான் நீ வந்து கெடுத்தாய்.

"பெயிண்டுன்னா கண்ணாடி மாதிரி மூஞ்சி தெரியணும்டா, இல்லேன்னா சுண்ணாம்பே அடிச்சிட்டுப் போ" என்று எழுதியிருந்தாய். இந்தப் பூச்சுகளை விற்கிற பாலி ஃபைபர்காரர்கள் தங்கள் துணிக்கென்றே பாலி டோன் என்று ஒரு பெயிண்ட் வைத்திருக்கிறார்கள். வினைல் சாதி. பளபளக்காது, பழைய கேன்வாஸ் பை மாதிரி அமைதியாக இருக்கும். ஆனால் கிழிந்தால் எம்.இ.கே. கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் கரைந்துவிடும், துண்டுத் துணியை ஒட்டி மேலே அடித்தால் ஒட்டுப்போட்ட இடமே தெரியாது. மழைக்கால ஈரத்தில் அடித்தால் வெளுத்துப்போகும் என்பது ஒன்றுதான் தொல்லை, அது உனக்குத் தெரியாததா. இதையெல்லாம் படித்துவிட்டும், உன் கண்ணாடிப் பேச்சைக் கேட்டு, ஹார்டனர் கலக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டை வாங்கினேன். உன் பட்டறையில் லாரி கேபினுக்கு அடிக்கிறாயே, அதே சாதி.

மே மாதம் வரை காத்திருந்தேன். இந்த ஊர்க் குளிரில் கராஜைச் சூடாக்காமல் அடிக்க முடியாது. தின்னர் ஆவி நிறைந்த கராஜில் ஹீட்டரைப் பற்றவைத்தால் கராஜே பறக்கும். முதலில் வாலில் இருக்கிற சுக்கானை மட்டும் அடித்துப் பார்த்தேன். அடேயப்பா. மூஞ்சி தெரிந்தது, வழுக்கையும் தெரிந்தது. கீழ் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் ஓடிவிட்டது, விரல் அகலத்துக்கு மெழுகு வழிந்த மாதிரி. நீ பார்த்திருந்தால் மூன்று நாள் சிரித்திருப்பாய்.

சமையல்கட்டுத் தராசில் வைத்தேன். அடிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட 180 கிராம் கூடுதல். லாரிக்கு 180 கிராம் என்பது டிரைவரின் வெற்றிலைப் பெட்டி. இந்த விமானமோ பிறவியிலேயே வால் கனம், அதிலும் என்னைப்போல் தொப்பைக்காரன் பின்சீட்டில் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். வால் கடைசியில் ஏறுகிற எடைக்கு ஈடுகட்ட மூக்கில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வைக்க வேண்டும். சுக்கான் மட்டும்தான் 180, வால் பகுதி பூராவும் அடித்தால் கணக்குப் போட்டுக்கொள்.

இருந்தாலும் பளபளப்பு ஆசை விடவில்லை. ரெண்டு நாள் கழித்து மறுபடி கலக்கினேன்.

செல்வா, இனி விளையாட்டு இல்லை. முதல் நாள் அடித்த அன்று ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு இறுகி எழுந்து உட்கார்ந்தேன். சளி என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அடிக்கும்போது பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது, விசில் சத்தம். உன் தங்கச்சிதான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். மருந்துப் புகையைப் பிடிக்கவைத்து, மூச்சு சமனான பிறகு டாக்டரம்மா முதலில் கேட்டது: "என்ன பெயிண்ட் அடித்தீர்கள்?"

ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் பெயிண்டை அப்படி இறுக்கிக் கண்ணாடியாக்குகிறது. கன்னிலிருந்து மூடுபனியாகக் கிளம்பும்போது நுரையீரலுக்குள் போகும், தோல் வழியாகவும் போகும். தின்னர் மாதிரி நெடியடித்து எச்சரிக்காது. சில பேருக்கு உடம்பு அதைப் பார்த்து ஒரு தடவை மிரண்டுவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் துளிப்பட்டாலும் இழுப்பு வரும். என்னிடம் கரி வடிகட்டி மாஸ்க் இருந்தது. ஆனால் அதை வாரக்கணக்கில் மேசையில் திறந்தே போட்டிருந்தேன், கரி பாதி செத்திருக்கும். அதோடு இந்தத் தாடி. மயிர் இருந்தால் ரப்பர் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியாக எல்லாம் உள்ளே. முறையாகச் செய்வதானால் வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாக முகமூடிக்குள் விட வேண்டுமாம்.

வீட்டில் சும்மா கிடந்தபோது பழைய சங்கதி ஒன்று படித்தேன். 1914ல் லண்டன் பக்கம் ஹெண்டனில் விமானத் துணியை இறுக்க டோப் என்ற பூச்சைப் பூசின தொழிலாளர்களுக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது, சாவும் நேர்ந்திருக்கிறது. டோப்பில் இருந்த டெட்ராகுளோரோஈத்தேன் என்ற கரைப்பான் ஈரலைத் தின்றிருக்கிறது. பூசினதில் பெண்களும் உண்டு. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன், உன் பட்டறையில் பெயிண்ட் அடித்த ரங்கண்ணன் ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டாள்: "வேலை இல்லாத நாளில் நன்றாக இருக்கிறதா?" அதுதான் அடையாளமாம். செல்வா, ரங்கண்ணன் ராத்திரியில்தானே இருமுவார்? ஆயுத பூஜைக்குப் பட்டறை நாலு நாள் அடைத்தால் ஆள் ஜம்மென்று, வெள்ளை வேட்டியோடு, பீடி குடித்துக்கொண்டே நம்மோடு சீட்டாடுவார், ஒரு இருமல் இருக்காது. திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கும். நீ பி.யூ.வுக்கு மாறின பிறகுதான் அதிகமானது என்று எனக்கு ஞாபகம், உனக்கு எப்படியோ. நாம் எல்லோரும் பீடியைத்தான் திட்டினோம். பீடியும்தான் காரணமாக இருக்கலாம், இந்தத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அதே மூலையில் இப்போது அவர் மகன் முருகேசு நிற்கிறான். போன வருஷம் நீ அனுப்பின வீடியோவில் பார்த்தேன், மூக்கில் ஒரு கைக்குட்டை, கையில் உறைகூட இல்லை.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். ராத்திரியில் இருமலா, ஞாயிற்றுக்கிழமை குறைகிறதா, நெஞ்சில் விசில் கேட்கிறதா என்று. சம்பளம் போய்விடும் என்று பயந்து இல்லை என்பான், அதனால் அவன் பெண்சாதியிடமும் தங்கச்சியை விட்டுக் கேட்கச் சொல். ஒன்று இருந்தாலும் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போ. இழுப்பு ஆரம்பித்துவிட்டால் குறைத்து அடிப்பதெல்லாம் உதவாது, ஹார்டனர் பக்கமே அவன் போகக் கூடாது. பட்டி வேலையோ லாரியில் எழுத்து எழுதுகிற வேலையோ கொடு, அப்பன் கை அவனுக்கும் இருக்கிறது. காற்றுக்குழாய் முகமூடிக்கு ஆகிற பணத்தை நான் அனுப்புகிறேன். பிகு பண்ணினால் கணேசன் பெயரில் அனுப்புவேன், அவன் தின்றுவிடுவான்.

எனக்கு இப்போது பரவாயில்லை. தாடி போய்விட்டது, உன் தங்கச்சிக்கு ஏக சந்தோஷம். பி.யூ. டப்பாக்களை நகராட்சியின் ரசாயனக் கழிவு மையத்தில் கொடுத்துவிட்டேன். அடித்த சுக்கானில் அந்தக் கண்ணாடி கரையவும் இல்லை, உரியவும் இல்லை. தேய்க்கலாம் என்றால் அந்தத் தூளையும் சுவாசிக்க வேண்டாம் என்று விட்டு, துணியையே அறுத்தெடுத்துப் புதிதாகப் போட்டேன். மறுபடி இஸ்திரி, ரோஸ், வெள்ளி. இனி பாலி டோன்தான், அதற்கும் மாஸ்க், அதற்கும் வாசல் திறந்து விசிறி. இறக்கைக்குச் சந்தனக் கலர், உடம்புக்குக் கரும்பச்சை. மூஞ்சி தெரியாது. நீ வந்து பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு என்று சொல்லிக்கொள்.

வாலில் தமிழில் ஒரு வரி எழுத இடம் விட்டிருக்கிறேன். 'ஒலி எழுப்புக' வேண்டாம். முருகேசு எழுதிக் கொடுத்தால் அப்படியே படியெடுத்துக்கொள்வேன். ஆனால் அது அப்புறம். முதலில் அவனிடம் கேட்டுவிட்டு, அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே.

உன்
பாலு