எல் சைஸ் கையுறை

ஜார்ஜ் டவுன், பினாங்கு, மலேசியா
6 ஜூன் 2021, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவும் பாப்பாவும் நன்றாக இருப்பதை அத்தான் அனுப்பிய குரல் பதிவில் கேட்டேன். உன்னோடு பேசித்தான் பதினோரு நாள் ஆகிறது. நீ டூட்டி முடித்து, குளித்து, சாப்பிட உட்காரும்போது இங்கே நடுராத்திரி தாண்டிவிடுகிறது. இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர் ஆயிற்றே. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், ஆஸ்பத்திரி வண்டியில் போகும்போது படி.

கடை மூடியாயிற்று. கொரோனாவால் 1-ம் தேதியிலிருந்து நாடு முழுக்க முடக்கம். முடிவெட்டுவது அத்தியாவசியத்தில் சேராதாம். முதலாளி மாடியில் தங்க விட்டு அரிசியும் பருப்பும் தருகிறார், சம்பளம் பாதி. குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர்தான் சாமான் வாங்கப் போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள். பினாங்கு வீதியில் பாட்டுக்கடை ஸ்பீக்கர்கள் ஓய்ந்து கிடக்கின்றன. அந்தச் சத்தத்துக்கு நான் எத்தனை தடவை எரிச்சல்பட்டிருப்பேன்! இப்போது புறாக்கள் இறக்கை அடிப்பது மாடி வரை கேட்கிறது. குயின் வீதி மாரியம்மன் கோயிலும் சாத்தியிருக்கிறது, வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று என்று செய்தி வந்த அன்றைக்கு ராத்திரிதான் இங்கே நாங்கள் ஊர்க்காரர்கள் பணம் சேர்க்க ஆரம்பித்தோம். சலூன்காரர்கள், சாப்பாட்டுக் கடை சமையல்காரர்கள், பூக் கட்டுகிறவர், நகைக்கடையில் பட்டறை வேலை பார்க்கும் இரண்டு பேர். யாருக்கும் முழுச் சம்பளம் இல்லை. ஐம்பது வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கொடுத்தவரும் உண்டு, ஐந்து வெள்ளியை நாலாய் மடித்துக் கொடுத்தவரும் உண்டு. நீ அனுப்பிய அந்தப் படத்தை நான்தான் எல்லாருக்கும் காட்டினேன். ஆறு மணி நேரம் கையுறைக்குள் கிடந்து ஊறிப்போன உன் விரல்கள். போன வருஷம் ஜூனில் கடை திறந்தபோது கையுறை, முகக்கவரி (மாஸ்க்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), முன்னால் பிளாஸ்டிக் தடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டுதான் முடிவெட்டினேன். அரை மணிக்கே கை வெந்துவிடும். ஆறு மணி நேரம் எப்படித்தான் தாங்குகிறாயோ.

என்ன வாங்குவது என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே வாயாகக் கையுறை என்றோம். உலகத்தில் விற்கிற ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் இந்த நாட்டில்தான் செய்கிறார்கள். பக்கத்துக் கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர், எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை, நூறு வெள்ளியைக் கொண்டுவந்து வைத்தார். "எங்கப்பா பால்மரம் வெட்டுனவரு தம்பி. அந்தப் பால் ஊருக்குப் போகட்டும்" என்றார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் மொத்தக் கடைக்குப் போனால், இது நைட்ரைல், பெட்ரோலியத்திலிருந்து வருவது, மரத்துப் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் கடைக்காரர். பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. நீயும் எங்கேயும் சொல்லிவைக்காதே.

மூன்று அட்டைப்பெட்டி வாங்கினோம். ஒன்றுக்கு ஆயிரம் கையுறை. எல்லாம் எல் சைஸ். ஏன் என்று யாருமே யோசிக்கவில்லை. போனவர்கள் அத்தனை பேரும் ஆம்பளைகள், அவரவர் கையைப் போட்டுப் பார்த்தோம், பொருந்தியது, பணத்தைக் கட்டினோம். உனக்குப் படம் அனுப்பிய பிறகு நீ ஒரே ஒரு வரி போட்டாய்: "எங்க வார்டுல 22 பேர்ல 19 பேர் பொம்பளைங்கடா." அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் சின்ன வயதில் உன் வளையல் என் கைக்குள் நுழையாது என்று எனக்குத் தெரியாதா?

கடைக்காரர் ஒரு பெட்டியைத்தான் எம் சைஸாக மாற்றித் தந்தார். மற்ற இரண்டும் எல்தான். இருக்கட்டும், பிணவறையில் நிற்கிறவர்களிடம் ஒன்றுமே இல்லை, அவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்ட பிறகு இங்கே யாரும் பேசவில்லை.

உடம்பு முழுக்க மூடுகிற பாதுகாப்பு உடுப்பை மட்டும் இங்கே வாங்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அது நம் திருப்பூரிலேயே தைக்கிறார்கள். துணி வழியாக ரத்தம் ஊடுருவுகிறதா என்று செயற்கை ரத்தத்தை வைத்துக் கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கிறார்களாம். தையல் ஓட்டை வழியே ஈரம் இறங்காமல் இருக்க மேலே டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லாத உடுப்பு வந்தால் திருப்பி அனுப்பிவிடு, தயங்காதே.

பணத்தை உன் கணக்கிலேயே போட்டுவிடலாம் என்றார் ஒருவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீ அரசு ஊழியர், வெளிநாட்டு நன்கொடை உன் பெயருக்கு வரவே கூடாது. வெளிநாட்டுப் பணம் வாங்க அனுமதி உள்ள அமைப்புக்கும் தில்லி ஸ்டேட் பாங்க் கிளையில்தான் கணக்கு இருக்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. போன செப்டம்பரில் சட்டத்தை மாற்றியதிலிருந்து இப்படி. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு நாலு ராத்திரி போயிற்று. துணிக்கடை முதலாளி, முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கேட்டிருக்கிறார்களே, அங்கே போடுங்கள் என்று சொல்லித் தன் பங்கை அங்கே அனுப்பிவிட்டார். அதுவும் சரிதான். ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தங்கள் காசு ஒரு வார்டுக்குள் போய் நிற்பதைப் பார்க்க வேண்டும். கடைசியில் மதுரையில் அனுமதி உள்ள ஓர் அறக்கட்டளை, தாங்களே வாங்கித் தாங்களே உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதாக எழுதித் தந்திருக்கிறது. கையுறைப் பெட்டிகளும் அவர்கள் பெயருக்கே சரக்கு விமானத்தில் வருகின்றன.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். 22 பேரின் உயரத்தையும், கையுறை எஸ்ஸா எம்மா என்பதையும் எழுதிப் புதன்கிழமைக்குள் அத்தானிடம் கொடு. கூட்டிப் பெருக்குகிற அம்மாக்களை விட்டுவிடாதே, அவர்கள் அந்த 22-ல் இருக்கிறார்களா என்று நீ சொல்லவே இல்லை. படுக்கும் முன் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்.

அன்புத் தம்பி