பச்சைக் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் வேலைக்காக மியூனிக் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால்தான் நீ வாங்க ஆசைப்படும் பழைய காரைப் பார்த்துவரச் சொன்ன மறுநாளே, ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகருக்குக் கிளம்பிவிட்டேன்.

வண்டி 1973ம் வருட பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்ஐ, டைகா பச்சை. விற்பவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். 62,000 யூரோ சொல்கிறார். போட்டோவில் பார்த்ததைவிட நேரில் அழகு. சிக்கலே அங்கேதான். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் முன்னாலிருந்து பின்வரை ஒரே திறப்பு, நடுவில் தூணே கிடையாது. சுறா மாதிரி முன்னே சாய்ந்த மூக்கு. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டேன்.

ஹாஸ்டல் சுவரில் நீ ஒட்டி வைத்திருந்த இறக்கை வைத்த வண்டி இதுதானா என்று கேட்டிருந்தாய். இல்லை, அது சிஎஸ்எல். கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியத்தில் செய்து எடையைக் குறைத்த பந்தய வகை. அந்தப் பெரிய பின் இறக்கையைப் போட்டுக்கொண்டு ஜெர்மன் சாலையில் ஓட்ட அனுமதி இல்லாததால், அதை டிக்கிக்குள் வைத்தே கொடுத்தார்களாம்! யாராவது உன்னிடம் சிஎஸ்எல் என்று சொன்னால், முதலில் காந்தத்தைக் கதவில் வைத்துப் பார். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது; ஒட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

ஒரு சுற்று ஓட்டினேன். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 200 குதிரைத்திறன். கியர் நாலுதான், ஆனால் ஐந்தாவது இல்லையே என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் 120ல் போகும்போதும் மூச்சு வாங்கவில்லை. புகை இல்லை, தட்டும் சத்தமும் இல்லை. இன்ஜினைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் கீழே படுத்துப் பார்த்தேன். இந்த வகை வண்டிகளின் கூடுகளை (பாடி) பிஎம்டபிள்யூவின் சொந்த ஊரான மியூனிக்கில் கட்டவில்லை, இதே ஓஸ்னாப்ரூக்கில், கார்மன் என்ற கார் கூடு கட்டும் கம்பெனியின் ஆலையில்தான் கட்டினார்கள். தகடுகளுக்கு நடுவே மூடிய பொந்துகள் ஏராளம். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். நம் வண்டியில் கதவுக்கடியில் நீளமாக ஓடும் பெட்டியில் காந்தம் ஒரு சாண் தூரம் ஒட்டவே இல்லை, அவ்வளவும் தகடு போன இடத்தை மறைக்கப் பூசிய பட்டி. முன் சக்கரத்துக்கு மேலே சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஸ்ட்ரட் உட்காரும் இடத்திலும் புதுப் பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம். எந்தப் பட்டறையின் கைவண்ணமோ, டாக்டருக்கும் தெரியவில்லை. பாவம், அவர் ரிப்பேர் பில்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இன்ஜின் கெட்டால் இன்னொன்று தேடிப் போடலாம். கூடு போனால் அப்படி முடியாது. வெட்டி எடுத்து, தகடு அடித்து, பற்றவைத்து, கதவு இடைவெளி சரிபார்த்து முடிப்பதற்குள் நீ வண்டிக்குக் கொடுத்த பணத்தை இன்னொரு தடவை கொடுத்திருப்பாய். முப்பது வருஷம் தாண்டிய வண்டிக்கான எச் நம்பர் பலகை இருக்கிறது, ஆண்டு வரி 191 யூரோ சொச்சம்தான் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சரிதான், ஆனால் வரியில் மிச்சமாவது வெல்டிங் கம்பிக்குக்கூடக் காணாது.

என்னைக் கேட்டால் வேண்டாம். பாதி விலைக்கு இறங்கினால் பேசலாம், ஆனால் அவர் இறங்குகிற ஆள் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டும் நீ அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே போன் பண்ணு, ஸ்டேஷனுக்கு வருகிறேன். ஒரு பழைய சட்டை எடுத்து வா. இந்தத் தடவை அடியில் படுப்பது நீதான்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்