பலகை மேல் வயலின்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்துக்கு வரிசையாகப் பதில் எழுத இப்போது பொறுமை இல்லை. முதலில் ஒரு சேதி: உருளை மேல் வைத்து, விழாமல் நின்று பழகுகிற உன் பலகை கிடைத்துவிட்டது!

நீ அறுத்து, இழைத்து, அடியில் இரண்டு முனையிலும் கட்டை வைத்துத் திருகிக் கொடுத்தாயே, அதேதான். பரணில் பெட்டிகளுக்குப் பின்னால் உருளையோடு பத்திரமாக இருந்தது. முரளி அதன் மேல் நின்று காட்டிய சாகசத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தக் கண்ணாடி அலமாரியைப் பற்றி அவன் வீட்டில் இன்றுவரை யாரும் வாயே திறப்பதில்லையாம். உருளை மேல் நீ சுற்றிய ரப்பர் மட்டும் ஓர் ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது. எந்தப் பசை போட்டாய் என்று எழுது.

ஏறி நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் காலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது! நாலைந்து தடவை முனை தரையில் தட்டியது, அப்புறம் இடுப்பு தானாகப் பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கவில்லை. அந்த உற்சாகத்திலேயே வயலினை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான்.

முதலில் வில் இல்லாமல் தந்திகளை விரலால் சுண்டிப் பார்த்தேன். வயலின் அரைக் கிலோ கூட இருக்காது. ஆனாலும் இடது தோளில் வைத்ததும் பலகையின் இடது முனை தாழ்கிறது. வில்லை எடுத்த பிறகுதான் நிஜமான விளையாட்டு. வில்லின் எடை 60 கிராம்தான், ஆனால் அதை அடியிலிருந்து நுனிவரை இழுக்கும்போது வலது கை முழுக்க உடம்பைவிட்டு வெளியே நீள்கிறது. பலகை வலப்பக்கம் சாயப் பார்க்கும், இடுப்பு அதை ஈடுகட்டும். வில்லைத் தள்ளும்போது எல்லாம் திரும்பி வரும். தாளம் தட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு வில் இழுப்புக்கு நான்கு தட்டு, விரல் வைக்காத வெறும் ஓபன் ஸ்ட்ரிங் மட்டும். ஆரம்பத்தில் ஒலி கன்னாபின்னா என்று இருந்தது. பலகை நிதானத்துக்கு வந்ததும் பார், நுனிக்கு அருகில் எப்போதும் வருகிற அந்த நடுக்கம் காணாமல் போய்விட்டது!

காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கஷ்டமான இடம் வந்தால் வாசிக்கிற எல்லாருக்கும் முழங்கால் விறைக்கும், மூச்சு நிற்கும், தோள் காதுவரை ஏறும். பலகையில் அதற்கு வழியே இல்லை. முழங்கால் விறைத்த அடுத்த கணம் டொக் என்று முனை தரையில் இடிக்கும். வாத்தியார் 'தோளை விடு, தோளை விடு' என்று தொண்டை வற்றக் கத்தியதைப் பலகை ஒரே தட்டில் சொல்லிவிடுகிறது. கீழ்வீட்டுக்காரர்தான் பாவம். அவருக்காக இரண்டு விரிப்பை மடித்துப் போட்டிருக்கிறேன்.

இது வெறும் என் கற்பனை இல்லை. 1967இல் பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்ஸேவ் என்ற மூன்று சோவியத் ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். நிற்கிற ஆளைக் கையைத் தூக்கச் சொன்னால், கைத் தசைக்கு முன்பே கால் தசை வேலையைத் தொடங்கிவிடுகிறதாம். அப்படியானால் ஒவ்வொரு வில்லையும் முதலில் தொடங்குவது கால்தானே! அப்புறம் 1998இல் காப்ரியேலே வுல்ஃபும் அவருடைய சகாக்களும் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் செய்த சோதனை. பாதத்தைக் கவனிக்கச் சொன்னவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கவனம் உடம்பைவிட்டு வெளியே போனால் உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. என் கவனம் இப்போது ஒலியிலும் அந்த டொக்கிலும்தான். விரலைப் பற்றி நினைக்க எங்கே நேரம்?

சரி, உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். 'விரல் ஓட மாட்டேன் என்கிறது, குழலை உறையில் போட்டுக் கட்டிவிட்டேன், இனி எதற்கு' என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீ யாருக்காக வாசிக்கிறாய் சேகர்? மேடைக்காக நாம் ஆரம்பிக்கவே இல்லையே. நீ குழலை எடுக்கும்போதெல்லாம் உன் எதிரில் நீயே உட்கார்ந்து மார்க் போடுகிறாய். அந்த ஆளை எழுப்பி அனுப்பத்தான் பலகை வேண்டும் என்கிறேன். அதன் மேல் நிற்கிறவனுக்குத் தன் வாசிப்பை எடைபோட நேரம் கிடைக்காது. ஊதுகிற உனக்கு இன்னொரு லாபமும் உண்டு, மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு அங்கே நிற்பது கஷ்டம்.

உன் முழங்காலுக்கு உருளை வேண்டாம். முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ ஒரே வாட்டத்தில் ஆடுகிற ராக்கர் போர்டு போதும். அடியில் அரைக்கோளம் வைத்த வோபிள் போர்டு எல்லாப் பக்கமும் சாயும், அதை அப்புறம் பார்க்கலாம். கால் டாக்டரிடம் கேட்காமல் இரண்டிலும் ஏறாதே, இதில் எனக்கு விளையாட்டு இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும், பின்னால் மேஜை முனை எதுவும் வேண்டாம். கண்ணை மூடி நிற்கிற வீரமும் வேண்டாம். உடம்பு நிலையாக நிற்க உள்காது, கண், பாதமும் மூட்டுகளும் அனுப்புகிற சேதி என்று மூன்றும் சேர்ந்து உதவுகின்றன. ஒன்றை மூடினால் மற்றதற்கு வேலை கூடும். குழல் உதட்டில் இருக்கும்போது தடுமாறினால் பல்லில் இடிக்கும். அதனால் முதல் சில நாள் மார்புக்கு நேரே பிடித்துத் துளைகளில் விரல் மட்டும் ஓடட்டும். ஊதுவது அதற்கப்புறம்.

மீனா அடுத்த மாதம் வருகிறாள், வழக்கம்போல உன்னைத்தான் முதலில் விசாரித்தாள். மற்ற சேதிகள் அடுத்த கடிதத்தில்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய். உறையைப் பிரித்து, மூங்கில் காய்ந்து எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து எழுது. விட்டிருந்தால் நூல் சுற்றிக் கட்டுகிற ஆளை முரளிக்குத் தெரியும்.

அன்புடன்,
கண்ணன்